காதல் கதை எழுதுபவர்களுக்கு ஆடி மாதம் ஒரு வரம்

காதல் கதையே எழுதிக்கொண்டிருந்துவிட்டு, திகிலோ மர்மமோ எழுத ஆசையா? காதலைத் தூக்கிப் போட வேண்டாம். வாசகர் மனதில் எழும் கேள்வியை மட்டும் மாற்றுங்கள். "இருவரும் சேர்வார்களா?" என்றால் காதல் கதை. "இவன் எதை மறைக்கிறான்?" என்றால் அதே ஜோடி மர்மக் கதைக்குள் வந்துவிடும்.

பழகிப் பார்க்க ஆடியைவிட நல்ல மாதம் இல்லை. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. (ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்று பாட்டிகள் காரணம் சொல்வார்கள்.) பிரிவு தயாராக இருக்கிறது, நீங்கள் இழுத்துக் கட்ட வேண்டியதில்லை. அவள் ஊருக்குப் போன பிறகும் இரவில் வீட்டுக்குள் கொலுசுச் சத்தம் கேட்டால் பேய்க் கதை. ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்கு வருவதாகச் சொன்ன கணவன் வரவே இல்லை என்றால் துப்பறியும் கதை. மாமியார் கண்ணில் படாமல் மாப்பிள்ளை கொல்லைப்புறமாக நுழைந்தால், சரி, அது நகைச்சுவை.

அப்புறம், தீபாவளி மலருக்கு ஐப்பசியில் எழுத உட்காராதீர்கள். மலர் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். ஆனால் ஆடிக் காற்றில் உட்கார்ந்து தீபாவளி மழையைக் கற்பனை செய்வது கஷ்டம். அதனால் இந்தத் தீபாவளியன்றே லேகியத்தின் காரம், நனைந்த வெடியின் வாடை, புடவைக்காக நடந்த சண்டை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள். அடுத்த வருடக் கதைக்கு ஆகும்.