மொட்டை மாடியில் முயூவான் எண்ணலாம்

நியூட்ரினோ என்ற நுண்துகளை வீட்டில் பிடிக்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேனிப் பக்கம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் திட்டமிட்ட கருவிக்கே 50,000 டன் இரும்பு வேண்டும், அதுபோக எல்லாப் பக்கமும் 1 கிலோமீட்டர் பாறை. வானத்திலிருந்து கொட்டுகிற முயூவான் என்ற வேறு நுண்துகள்களை வடிகட்டத்தான் அந்தப் பாறை. அவர்களுக்குத் தொல்லை, நமக்கு அதுதான் சரக்கு.

5 செ.மீ. சதுரம், 1 செ.மீ. கனம் உள்ள பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகை (துகள் பாய்ந்தால் மினுங்கும் பிளாஸ்டிக்) இரண்டு, ஆளுக்கொரு சிலிகான் ஃபோட்டோமல்டிப்ளையர் (மிக மங்கிய வெளிச்சத்தையும் உணரும் சென்சார்). செலவு முக்கால்வாசி இதில்தான். முயூவான் உள்ளே பாய்ந்தால் துளி நீல வெளிச்சம் வரும், சென்சார் அதை மின்துடிப்பாக்கும். ஓரங்களை நைஸ் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றுங்கள் (தின்னர் போட்டுத் துடைத்தால் பரப்பில் வெடிப்பு விழும்), ஆப்டிகல் கிரீஸ் ஒரு துளி வைத்துச் சென்சாரைப் பொருத்துங்கள், மேலே அலுமினியத் தாள், அதற்கும் மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்.

டேப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். என் முதல் கருவி மத்தியானத்தில் மட்டும் தாறுமாறாக எண்ணியது. ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று இரண்டு நாள் குதித்தேன், பார்த்தால் ஒயர் வெளியே வரும் இடத்தில் ஊசிமுனை ஓட்டை. இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள், எண்ணிக்கை அசையக் கூடாது.

அடுத்த எதிரி நம்ம ஊர் வெயில். சுமார் 10 டிகிரி ஏறினால் சென்சாரின் இரைச்சல் (வெளிச்சமே இல்லாமல் வரும் போலித் துடிப்பு) இரண்டு மடங்காகும், சித்திரையில் பாளையங்கோட்டை மாடி எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவா வேண்டும். அதனால்தான் இரண்டு பலகை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக 10 செ.மீ. இடைவெளியில் வையுங்கள், இரண்டின் துடிப்பையும் கம்பேரட்டர் (குறிப்பிட்ட அளவுக்கு மேலான துடிப்பை மட்டும் விடும் சில்லு) வழியாக ஆண்ட் கேட்டுக்கு (இரண்டு துடிப்பும் சேர்ந்து வந்தால் மட்டும் சைகை தரும் சில்லு) கொடுங்கள், இரண்டும் 1 மைக்ரோவிநாடிக்குள் சேர்ந்து அடித்தால் மட்டும் அர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை எண்ணட்டும். தனித்தனியே விநாடிக்குப் பத்துப் போலித் துடிப்பு வந்தாலும், தற்செயலாகச் சேருவது மணிக்கு ஒன்றுகூடத் தேறாது.

எல்லாம் சரியாக இருந்தால் நிமிடத்துக்கு 2, 3 முயூவான் வரும். அவசரப்படாதீர்கள், ராத்திரி முழுக்க ஓடட்டும். முயூவான் பெரும்பாலும் மேலிருந்துதான் வரும், அதனால் மறுநாள் ராத்திரி பலகைகள் செங்குத்தாக நிற்கும்படி கருவியைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டு எண்ணிப் பாருங்கள், பெருமளவு குறைந்திருக்கும். குறையவில்லையென்றால் திரும்ப டேப்பை எடுங்கள்.