மின்சாரத்தில் ஓடும் மாடல் நீராவி ரயில் எஞ்சின்: சக்கரத்தைக் கழற்றாமலே சுத்தம் செய்ய

டிஷ்யூ பேப்பரில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, தண்டவாளத்தின் குறுக்கே விரியுங்கள். எஞ்சினின் பாதிச் சக்கரங்கள் பேப்பர் மீதும் மீதி வெறும் தண்டவாளத்திலும் இருக்கும்படி லேசாகப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்துக்கு மெதுவாகக் கரண்ட் கொடுங்கள். வெறும் தண்டவாளத்தில் நிற்பவை மின்சாரம் எடுக்கும். கம்பியால் பூட்டிய பெரிய சக்கரங்கள் எல்லாம் ஒன்றாகச் சுழன்று, கறுப்பு அழுக்கைப் பேப்பரில் இறக்கிவிடும். அப்புறம் மறுபாதி. உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் கீறல்களில்தான் அழுக்கு மறுபடி அடையும்.

ஆல்கஹால் தீப்பற்றும் என்பதால் சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். ரப்பர் வளையம் மாட்டிய சக்கரத்துக்கு இது ஆகாது, ரப்பர் கெட்டுப்போகலாம். மோட்டார் ஓட்டாத சிறு சக்கரங்களுக்குக் காது குடையும் பட்ஸ்தான் சரி.