கிளினிக்கிற்கு எழுதும் கடிதத்தில் நாங்கள் விடும் பிழைகள்

போன கிழமை, புதிதாக நியமனம் பெற்று வந்த ரீச்சர் ஒருவர் கிளினிக்கிற்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். ஏடிஎச்டி, அதாவது கவனம் நிற்காமலும் அடங்கியிருக்க முடியாமலும் இருக்கும் நிலை என்று வைத்தியர் கண்டுபிடித்து, மருந்து தொடங்கிய பிள்ளை. "சொல்வழி கேட்பதில்லை. மருந்தால் பலன் இல்லை." இரண்டே வரி. மல்லாவிப் பக்கம் நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் எழுதிய கடிதம் அப்படியே கண்முன் வந்தது.

நேரத்தை எழுதாமல் விடுவது

பிழைகளில் பெரியது இதுதான். இன்றைக்கும் இதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

நான் கணிதம் படிப்பித்த ஆறாம் தரத்தில் ஒரு பெடியன். தூரத்துக் கிராமம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் தாய் 6 மணிக்கே குளிசையைக் கொடுத்துவிடுவார். ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் என்ற மருந்தின் சாதாரணக் குளிசை ஏறக்குறைய 4 மணித்தியாலம்தான் வேலை செய்யும். இடைவேளை மணி அடிக்க முதலே அது தீர்ந்துவிடும். என் பாடமோ இடைவேளைக்குப் பிறகு. வாங்கில் ஏறுவான், பக்கத்துப் பிள்ளையின் கொம்பாஸ் பெட்டியைத் தட்டிவிடுவான், கணக்கைப் பாதியில் விட்டுவிடுவான். நானும் "ஒரு மாற்றமும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். காலையில் அவன் எப்படி என்று தமிழ் ரீச்சரிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

வைத்தியர் அதை நம்பி அளவைக் கூட்டினார். வகுப்பறையை அவர் எங்கே காண்பது? எங்கள் கடிதம்தான் அவருக்குக் கண். அடுத்த மாதம் காலைப் பாடங்களில் அவன் பேச்சில்லாமல் குந்தியிருந்தான். கட்டிக் கொடுத்த புட்டு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது. என் பாடத்தில் அதே துள்ளல். நிறை குறைந்தது. கச்சான் பிடுங்கும் நாட்கூலியை விட்டுவிட்டுத் தாய் கிளினிக்கிற்கு அலைந்தார்.

மூன்றாம் மாதம் வைத்தியர் ஒரு துண்டு கொடுத்துவிட்டார்: "எந்த நேரத்தில்?"

அன்றைக்குத்தான் தமிழ் ரீச்சரிடம் போய்க் கேட்டேன். "காலையில அவன் முந்தியே நல்லாத்தானே எழுதினவன்" என்றார். பிறகு வைத்தியர் பழைய அளவுக்கே இறக்கி, இடைவேளைக்கு முன் இன்னொன்று கொடுக்கும்படி எழுதித் தந்தார். மூன்று மாதம் அந்தப் பிள்ளை பசியில்லாமல் இருந்தது என்னால்தான்.

ஆகவே, குளிசை குடித்த நேரத்தைத் தாயிடம் கேட்டு எழுதுங்கள். பிறகு பாடவேளை. பிறகு கண்டது: "40 நிமிடத்தில் ஏழு தடவை எழும்பினான், ஐந்து கணக்கில் இரண்டு செய்தான்." இடைவேளையில் சாப்பிட்டானா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வருத்தத்தின் பெயரை நாங்களே வைப்பது

ஏடிஎச்டி என்று வைத்தியர் முடிவு சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்; ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும்; வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் தெரிய வேண்டும். ஒரு தவணை பார்த்துவிட்டு "இவனுக்கு ஏடிஎச்டி" என்று நாங்கள் எழுதினால் தாய் பயந்துபோவார். காது மந்தமான பிள்ளைக்கும் கவனம் நிற்காது. எல்லைக் கிராமங்களில் யானை வந்து, இரவு முழுக்க வெடி கொளுத்தினால், அடுத்த நாள் எந்தப் பிள்ளை கரும்பலகையைப் பார்க்கும்? அதையும் விசாரித்து எழுதுங்கள்.

சத்தம் போடாத பிள்ளையை மறப்பது

யன்னலோரம் கொப்பியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு எங்கேயோ போய்விடும் பெண்பிள்ளையைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை. அவளுக்கும் எழுதுங்கள்.

ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் போடுவது

போடாதீர்கள்.

"மெலிஞ்சுபோனான், குளிசையை நிப்பாட்டுங்கோ" என்பது

அதைத் தாயிடம் சொல்லக்கூடாது. வைத்தியருக்கு எழுத வேண்டும்.

வாய்ச்சொல்லாகச் சொல்லியனுப்புவது

"டொக்டரிட்டச் சொல்லுங்கோ" என்று தாயிடம் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். நாள் முழுக்கக் காத்திருந்து, உள்ளே இருக்கும் சில நிமிடத்தில், மகனைப் பற்றிய குறையைச் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, சம்மதம் கேட்ட பிறகு கொடுங்கள். கடிதத்தின் கீழ்ப்பாதியை வெறுமையாக விடுங்கள். வைத்தியருக்கு வேறு தாள் தேட நேரம் இராது. அந்த இடத்திலேயே இரண்டு வரி எழுதித் தாயின் கையில் கொடுத்துவிடுவார்.