ஆக்ஸ்ஃபோர்டில் முதல் வாரம்: எந்த வேலையை எப்போது முடிப்பது?

ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பருவம் என்பது எட்டே வாரம். அக்டோபரில் தொடங்கும் முதல் பருவத்துக்கு மைக்கேல்மஸ் என்று பெயர். பாடம் தொடங்குவது முதல் வாரத்தில். புது மாணவர்கள் வந்து சேருவது அதற்கு முந்தைய வாரத்தில். அதைப் பூஜ்ய வாரம் என்றே கணக்கு வைப்பார்கள். இந்த வாரத்து வேலைகள் ஒன்றோடொன்று கோத்தவை. விசா சரிபார்ப்பு முடியாமல் பதிவு முடியாது, பதிவு முடியாமல் பல்கலைக்கழக அட்டை கைக்கு வராது, அட்டை இல்லாமல் நூலகக் கதவு திறக்காது. ஆகவே வரிசை தப்பாமல் செய்யுங்கள்.

படி 1: ஊரிலேயே முடிக்க வேண்டியவை

பி.ஆர்.பி. என்ற பிளாஸ்டிக் குடியிருப்பு அனுமதி அட்டை 2024 டிசம்பரோடு காலாவதியாகிவிட்டது. பழைய வழிகாட்டிகளில் அதைத் தபால் நிலையத்தில் வாங்கச் சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள். போலீஸில் பதிவு செய்யும் நடைமுறையும் 2022-இல் நீக்கப்பட்டது. இப்போது இருப்பது இணையத்தில் மட்டும் இருக்கும் ஈ-விசா. பிரிட்டிஷ் விசாத் துறையான யூ.கே.வி.ஐ.யின் இணையக் கணக்கைத் திறந்து, பாஸ்போர்ட்டை அதோடு இணைத்து, பெயர், பிறந்த தேதி, விசா தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் சரியா என்று பாருங்கள். விசா தொடங்கும் நாளுக்கு முன்பு விமானம் ஏறவே கூடாது.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பலருடைய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அதில் ஏறியிருக்கும். சான்றிதழிலோ வெறும் இனிஷியல்தான். ஈ-விசாவில் ஒரு மாதிரி, பல்கலைக்கழகப் பதிவில் இன்னொரு மாதிரி விழுந்தால், பின்னால் வங்கிக் கணக்கு திறக்கும்போது மாட்டிக்கொள்ளும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். வித்தியாசம் தெரிந்தால் கல்லூரி அலுவலகத்துக்கு உடனே மின்னஞ்சல் அனுப்பித் திருத்துங்கள்.

பெட்டி விஷயத்துக்கு வருவோம். பாஸ்போர்ட், அனுமதிக் கடிதம், காஸ் எண் (விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த எண்) உள்ள தாள், அசல் சான்றிதழ்கள், காசநோய்ச் சோதனைச் சான்று, தடுப்பூசிப் பட்டியல் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். நம் ஊரிலிருந்து பால் பொருள்களும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். சாம்பார் பொடி, பருப்பு போன்றவற்றுக்குப் பிரச்சினை இல்லை. மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், அதனால் கன்வெர்ட்டர் தேவையில்லை. மூன்று சதுர முள் அடாப்டர் மட்டும் போதும். ரைஸ் குக்கரைப் பல கல்லூரிகள் அறையில் அனுமதிப்பதில்லை. அதன் ஆவியால் தீ எச்சரிக்கை மணி அடித்தால் கட்டடமே காலியாகும். கல்லூரிக் கையேட்டைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

படி 2: வந்து இறங்கும் நாள்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் தானியங்கி வாயில் வழியை இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் பயன்படுத்த முடியாது. அதிகாரி இருக்கும் வரிசையில் நில்லுங்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு நேராகப் போகும் பேருந்துக்கு ‘தி ஏர்லைன்’ என்று பெயர். நெரிசல் இல்லையென்றால் சுமார் ஒன்றரை மணி நேரம். பெரும்பாலானவர்கள் கடைசி நிறுத்தமான குளோஸ்டர் கிரீன் வரை போய், பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி நடப்பார்கள். மாட்லின், குவீன்ஸ், யுனிவர்சிட்டி கல்லூரி போல ஹை ஸ்ட்ரீட் பக்கம் உள்ள கல்லூரி என்றால், அதற்கு முன்பே குவீன்ஸ் லேன் நிறுத்தத்தில் இறங்கிவிடுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டில் மெயின் கேட் என்று ஒன்று கிடையாது. நாற்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஊர் முழுக்கப் பரந்திருக்கின்றன. நீங்கள் போய் நிற்க வேண்டிய இடம் உங்கள் கல்லூரி வாசலில் உள்ள காவலர் அலுவலகமான போர்ட்டர்ஸ் லாட்ஜ். அறைச் சாவி, தபால், தொலைந்த பொருள், நள்ளிரவில் உடம்புக்கு முடியவில்லை என்றால் உதவி, எல்லாவற்றுக்கும் அதுவே முதல் வாசல். போர்ட்டர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வருடமும் அவர்கள் தயவு வேண்டும்.

படி 3: பதிவும் அட்டையும்

பல்கலைக்கழகம் தரும் ஒற்றை உள்நுழைவுக் கணக்கை இயக்கி, ஸ்டூடண்ட் செல்ஃப் சர்வீஸ் என்ற இணையப் பக்கத்தில் பதிவு விவரங்களை நிரப்புங்கள். இதை ஊரிலிருந்தே செய்யலாம். வந்ததும் கல்லூரி அலுவலகத்தில் பாஸ்போர்ட்டையும் ஈ-விசாவின் ஷேர் கோடையும் (விசாவைப் பிறர் சரிபார்க்க உங்கள் கணக்கில் எடுக்கும் குறியீடு) காட்டுங்கள். சரிபார்த்ததும் பதிவு முடிந்து அட்டை கிடைக்கும். மாணவர்கள் இதை ‘பாட் கார்டு’ என்பார்கள். பதிவு முடிந்ததும் அதே பக்கத்தில் மாணவர் சான்றும் எடுத்துக்கொள்ளலாம். வங்கிக்கும், வெளியே வாடகைக்கு இருப்பவர்கள் கவுன்சில் வரி (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) விலக்குக் கேட்பதற்கும் இதுதான் உதவும்.

படி 4: சிம், வங்கி, மருத்துவர்

ப்ரீபெய்ட் சிம் எந்தக் கடையிலும் கிடைக்கும். 07-இல் தொடங்கும் உள்ளூர் எண் இருந்தால்தான் மற்ற வேலை நடக்கும். வங்கிக் கணக்கு கைக்கு வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை செலவுக்கு ஃபாரெக்ஸ் அட்டையில் பணம் வைத்திருங்கள். கல்லூரி உணவு, அறை வாடகை எல்லாம் ‘பேட்டல்ஸ்’ என்ற ஒரே பில்லில் வரும்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே ஜி.பி. எனப்படும் உள்ளூர்ப் பொது மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், அது பதிவு செய்தால்தான் பயன்படும். அவசரம் இல்லாத கேள்விக்கு 111, உயிராபத்துக்கு 999. மெனிஞ்சைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்), எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) தடுப்பூசிகள் விட்டுப்போயிருந்தால் இந்தப் பதிவின்போதே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹோம் ஆபீஸிலிருந்து (பிரிட்டிஷ் உள்துறை) பேசுகிறோம், விசாவில் தப்பு, உடனே பணம் கட்டு என்று அழைப்பு வந்தால் அது மோசடி. பயப்படாமல் துண்டித்துவிட்டுக் கல்லூரியில் சொல்லுங்கள்.

படி 5: மெட்ரிகுலேஷன் உடை

நீங்கள் பல்கலைக்கழகத்தின் உறுப்பினராவது மெட்ரிகுலேஷன் என்ற சடங்கில்தான். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1669-இல் கட்டி முடிந்த ஷெல்டோனியன் அரங்கில் நடக்கும். துணைவேந்தர் லத்தீனில் சில வரி சொல்வார், அவ்வளவுதான். ஆனால் உடை சரியில்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உடையின் பெயர் ‘சப் ஃபஸ்க்’. கருநிற சூட், அல்லது கருநிறப் பேன்ட், அல்லது கருநிறப் பாவாடையும் கறுப்பு டைட்ஸும். காலர் வைத்த வெள்ளைச் சட்டை. கழுத்தில் வெள்ளை அல்லது கறுப்பு போ டை, நீளமான கறுப்பு டை, கறுப்பு ரிப்பன், இவற்றில் ஏதாவது ஒன்று. கறுப்பு ஷூ. மேலே அங்கி. இளங்கலை மாணவருக்குக் கை இல்லாத குட்டை அங்கி, தோளிலிருந்து இரண்டு பட்டைகள் தொங்கும். முதுகலை மாணவரின் அங்கி இதைவிட நீளம். மாறி வாங்கிவிடாதீர்கள். சதுரத் தொப்பியை அரங்கத்துக்குள் தலையில் வைக்கக் கூடாது, கையில் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பழுப்பு ஷூவும் வெள்ளைச் சாக்ஸும்தான். சட்டையும் பேன்டும் ஊரிலேயே தைத்துக்கொள்ளுங்கள், அங்கியை மட்டும் இங்கே வாங்குங்கள். சீனியர்களிடம் கேட்டால் பழையது மலிவாகக் கிடைக்கும். தேர்வுக்கும் இதே உடைதான்.

படி 6: நூலகம்

1602-இல் திறந்த பல்கலைக்கழக நூலகமான போட்லியனின் வாசகர் உறுதிமொழியில், நூலகத்துக்குள் நெருப்பு மூட்ட மாட்டேன் என்ற வரி இன்றும் இருக்கிறது. முதன்மை நூலகத்தின் புத்தகத்தை வெளியே எடுத்துப்போக முடியாது. 1645-இல் மன்னர் முதலாம் சார்ல்ஸ் கேட்டபோதே கொடுக்க மறுத்தார்கள். வீட்டுக்கு எடுத்துப்போகக் கல்லூரி நூலகத்தையும் துறை நூலகத்தையும் பயன்படுத்துங்கள். ‘சோலோ’ என்ற இணைய நூல் பட்டியலில் தேடும்போது புத்தகம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். வெளிக் கிடங்கு என்று இருந்தால் அது ஸ்விண்டனிலிருந்து வர வேண்டும், முந்தின நாளே சொல்லிவைப்பது நல்லது.

நேரம் கிடைத்தால் வால்டன் ஸ்ட்ரீட்டில் உள்ள செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வாருங்கள். இங்கே தமிழ் கற்பித்த, திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பின் கல்லறை அங்கேதான்.

படி 7: முதல் கட்டுரை

கொண்டாட்ட வாரம் என்று நினைத்திருக்கும்போதே, உங்களுக்குப் பாடம் நடத்தும் டியூட்டர் முதல் சந்திப்பில் கட்டுரைத் தலைப்பும் படிக்க வேண்டிய நூல் பட்டியலும் கொடுத்துவிடுவார். கலைப் பாடங்களில் சுமார் 2,000 சொற்கள் எழுத வேண்டியிருக்கும், பெரும்பாலும் அடுத்த வாரமே. பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அட்டை முதல் அட்டை வரை படிக்கப் பார்ப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். கேள்வியை முதலில் படியுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லும் இரண்டு மூன்று நூல்களின் முன்னுரை, தொடர்புடைய அத்தியாயம், முடிவுரை, இவ்வளவு போதும் தொடங்க. பிறகு உங்கள் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அது வராவிட்டால் இன்னும் ஒரு அத்தியாயம் படியுங்கள்.

கட்டுரையை வைத்து டியூட்டரோடு விவாதிக்கும் வகுப்பான டியூட்டோரியலில் உங்களோடு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், சிலசமயம் நீங்கள் மட்டும். வாத்தியார் சொல்வதை எழுதிக்கொள்ளும் பழக்கம் அங்கே எடுபடாது. “இந்த ஆசிரியர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, காரணம் இது” என்று சொல்வதைத்தான் அவர் எதிர்பார்க்கிறார். உங்கள் வாதத்தை உடைத்துப் பார்ப்பார். அது கோபமல்ல, பாடம் நடத்தும் முறை. சார், மேடம் என்று அழைக்கும் வழக்கம் இல்லை. முதல் மின்னஞ்சலில் டாக்டர் அல்லது புரொபசர் என்று எழுதுங்கள், பதிலில் அவர் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அதன்படி அடுத்து அழையுங்கள். கட்டுரை முடியாவிட்டால் கெடு தாண்டிய பிறகு சொல்லாமல் முந்தின நாளே சொல்லுங்கள், எழுதிய அளவை அனுப்புங்கள்.