புளியங்கொட்டையில் ஒரு கருங்கடல்: உணவு வலைக்குள் அயல் உயிரி புகுவதைக் கற்பிக்க

9 முதல் 11-ஆம் வகுப்பு வரை ஏற்றது. இரண்டு பாடவேளை வேண்டும். எடுத்துக்கொள்ளும் நிகழ்வு கருங்கடலுடையது. 1980-களின் தொடக்கத்தில், கப்பல்களின் பாலாஸ்ட் நீரோடு (கப்பல் சாயாமல் நிற்க அடித்தளத்தில் ஏற்றும் நீர்) நீமியாப்சிஸ் என்ற சீப்பு ஜெல்லி, ஜெல்லிமீன் போன்ற ஒரு உயிரி, அமெரிக்கக் கரையிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது. 1989-இல் அது உச்சத்தில் பெருக, நெத்திலிப் பிடிப்பு சரிந்தது.

முதலில் மாணவர்களே கருங்கடலின் உணவு வலையை வரையட்டும்: தாவர மிதவை உயிரி, விலங்கு மிதவை உயிரி, நெத்திலி, சூரை, ஓங்கில். பலர் அம்பைத் தின்பதிலிருந்து இரைக்குப் போடுவார்கள். ஆற்றல் போய்ச் சேருமிடத்தில்தான் அம்புமுனை இருக்க வேண்டும். இதைத் திருத்தாமல் விளையாட்டுக்குப் போகாதீர்கள்.

தரையில் 3 மீட்டர் சதுரம் வரைந்து, 200 புளியங்கொட்டைகளைப் பரவலாகத் தூவுங்கள். இவை விலங்கு மிதவை உயிரிகள். குவியலாகக் கிடந்தால் முந்துகிறவரே எல்லாவற்றையும் அள்ளிவிடுவார். 12 பேர் நெத்திலிகள். சுற்றுக்கு 40 விநாடி. ஒரு கையால், ஒவ்வொன்றாக, 10 கொட்டை எடுத்ததும் நிறுத்த வேண்டும். 10 சேராதவர் இறந்தார். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் நெத்திலிக்கு 2 மஞ்சாடி வீதம் தூவுங்கள். அவை முட்டைகள், நெத்திலிகள் தொடக்கூடாது. மிஞ்சும் 2 மஞ்சாடிக்கு ஒரு புது நெத்திலி. ஆனால் மொத்தம் 12-ஐத் தாண்டக்கூடாது.

சுற்று முடிவில் 50 கொட்டையாவது மிஞ்சினால் மறுபடி 200 ஆக்குங்கள். குறைந்தால் மிஞ்சியதை இரட்டிப்பாக்கினால் போதும். ஒன்றுமே மிஞ்சாவிட்டால் ஆட்டம் அங்கேயே நின்றுபோகும் என்பதால், 20 கொட்டையைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்.

இரண்டு சுற்று அமைதியாகப் போகும். மூன்றாவதில் இரண்டு ஜெல்லிகளை இறக்குங்கள். அவர்கள் கொட்டை, மஞ்சாடி எதையும் வாரிக் காகிதக் கோப்பையில் போடலாம், வரம்பு இல்லை. 25 கொட்டைக்கு ஒரு ஜெல்லி கூடும். இறந்த நெத்திலிகளே அந்த ஜெல்லிகளாகட்டும், யாரும் சும்மா உட்கார வேண்டாம். ஒவ்வொரு சுற்றின் எண்ணிக்கையையும் வரைபடமாக்கச் சொல்லுங்கள்.

பழி முழுவதையும் ஜெல்லி மேல் போட்டுவிட்டு வகுப்பு முடிந்தால் பாடம் பாதிதான். கருங்கடலில் மிகையான மீன்பிடியும், ஆறுகள் கொண்டுவந்த உரச்சத்தும் முன்பே உணவு வலையைக் குலைத்திருந்தன. ஆகவே ஆட்டத்தை மறுபடி தொடங்கி, சுற்றுக்கு 4 நெத்திலிகளை 'வலைபோட்டு' வெளியே எடுங்கள். அவை தின்னாமல் விட்ட கொட்டை யாருக்குப் போகிறது என்று கேளுங்கள்.

1997-இல் பெரோயி என்ற இன்னொரு சீப்பு ஜெல்லி, யாரும் திட்டமிட்டு விடாமலே வந்து, நீமியாப்சிஸைத் தின்று குறைத்தது. கடைசிச் சுற்றுகளில் இருவர் பெரோயி. ஆளுக்கு மூன்று ஜெல்லிகளைத் தொட்டு வெளியேற்றலாம். பெரோயியை நாமே கொண்டுவந்து விட்டிருக்கலாமா? வாதம் நடக்கட்டும், நீங்கள் உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

தமிழகக் கடலுக்கு வந்தால், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசியைச் சொல்லலாம். அது வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. யாரையும் தின்பதில்லை, பவளத்துக்கு வெளிச்சம் போகாமல் மூடிவிடுகிறது. இதற்குக் கொட்டை விளையாட்டு ஒத்துவராது. வலைப்படத்தில் பவளத்தை மட்டும் காகிதத்தால் மறைத்து, எந்தெந்த அம்புகள் அறுகின்றன என்று எண்ணச் சொன்னால் போதும்.