நிலத்தடி நீர் ஆசிரியர் ஒருவரின் பணி வாழ்வை எழுதிவைப்பது எப்படி

சேலம் வட்டாரத்துக் கிணறுகளை ஆண்டுக்கணக்கில் அளந்து, அந்த அளவுகளைக் கொண்டே மாணவர்களுக்குப் பாடம் சொன்ன ஒருவர் மறைந்த பின், அவர் வீட்டார் ஒரு தகரப் பெட்டியை உங்களிடம் கொடுத்து இதைவைத்து ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டால், எங்கிருந்து தொடங்குவது என்ற திகைப்பு எவருக்கும் வரும். எனக்கு நிலத்தடி நீரியல் கற்பித்த ஆசிரியரின் பெட்டி அப்படித்தான் என் கைக்கு வந்தது. அந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முறையை, இதே பொறுப்பை ஏற்கப்போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பட்டங்களையும் பாராட்டுப் பத்திரங்களையும் முதலில் ஒரு பக்கமாக எடுத்துவையுங்கள். அவற்றிலிருந்து அவர் வகித்த பதவிகளும் ஆண்டுகளும் கிடைக்கும். அதற்கு ஒரு நாள் போதும். அவருடைய அறிவு முழுவதும் இருப்பது களக் குறிப்பேடுகளில்தான். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டு, அதன் பிறகே படிக்கத் தொடங்குங்கள். பென்சில் எழுத்து மங்கும்; கிணற்று மேட்டில் நனைந்த தாள் புரட்டப் புரட்டக் கிழியும். பெட்டியில் இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்கள் இருந்தால் அவற்றையும் விரித்துப் படம் எடுங்கள். சேலமும் ஏற்காடும் 58-‘ஐ’ என்ற எண்ணுள்ள தாள் வரிசையில் வருகின்றன. செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவி வராத காலத்தில், கிணறு இருக்கும் இடத்தை அந்தத் தாளின் மேல் ஒரு சிறு புள்ளியாகவே குறித்திருப்பார்கள்.

அடுத்தது, எண்களைப் படிக்கப் பழகுவது. இதில் அவசரம் கூடாது. எங்கள் ஆசிரியரின் ஏட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: ‘சுவர் விளிம்பிலிருந்து 31 அடி 6 அங்குலம். சுவர் 2 அடி 3 அங்குலம். மோட்டார் நிறுத்தி ஒரு ராத்திரி.’ கிணற்றுச் சுவரின் மேல்விளிம்பில் டேப்பைப் பிடித்து அளந்ததால், தரையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழம் என்பதை அறியச் சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். இங்கே 29 அடி 3 அங்குலம் வருகிறது, மீட்டரில் 8.92. வரியின் மூன்றாவது பகுதி மற்ற இரண்டைவிடவும் முக்கியமானது. இரவு முழுவதும் மோட்டார் ஓடாததால், கிணறு ஊறி மட்டம் நிலைப்பட்ட பிறகு எடுத்த அளவு இது என்று அது சொல்கிறது. அந்தக் குறிப்பு இல்லாத எண்ணை எவ்வளவு அழகான வரைபடத்தில் வைத்தாலும் முழுமையாக நம்ப முடியாது.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிணற்றின் பழைய அளவையும் நான் எடுத்த புதிய அளவையும் ஒப்பிட்டு, நீர்மட்டம் இரண்டு அடி இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தேன். பிறகு நேரில் சென்று கவனித்தபோது, பழைய சுவரின் மேல் சிமென்ட் கல் வைத்து உயர்த்தியிருந்தது தெரிந்தது. இறங்கியது தண்ணீர் அன்று, நான் டேப்பு பிடித்த இடம்தான் ஏறியிருந்தது. ஆகவே பழைய அளவுக்குறி, அதாவது டேப்பைப் பிடித்து அளந்த இடம், எது என்று உறுதிசெய்யாமல் எந்த ஒப்பீட்டையும் எழுதாதீர்கள்.

குறிப்பேடுகளைப் படித்து முடித்த பின், அவர் அளந்த கிணறுகளில் பத்தையாவது தேடிச் செல்லுங்கள். சர்வே எண்ணைக் கேட்டால் பதில் வராத இடத்திலும், புளியமரத்துக் கிணறு, பெரிய கிணறு என்று பெயர் சொன்னால் வழி காட்டுவார்கள். உரிமையாளரின் அனுமதி பெற்று, ஆசிரியர் கையாண்ட முறையிலேயே அளவு எடுங்கள். இரும்பு டேப்பின் நுனிப் பகுதியில் சாக்பீஸைத் தேய்த்து, முழு மீட்டர் குறி ஒன்று அளவுக்குறியோடு பொருந்தும்வரை இறக்க வேண்டும். மேலே இழுத்ததும் நனைந்த சாக்பீஸ் கருத்துக் கோடாகத் தெரியும். பிடித்த இடம் 15.00, நனைந்த நீளம் 0.42 என்றால் நீர்மட்டம் அளவுக்குறியிலிருந்து 14.58 மீட்டர் கீழே இருக்கிறது. உடனே இன்னொரு முறை இறக்கிச் சரிபாருங்கள்.

பழைய அளவு எந்த மாதத்தில் எடுக்கப்பட்டதோ அதே மாதத்தில் போக வேண்டும். சேலத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், ஒரே ஆண்டுக்குள் மட்டம் பலமுறை ஏறி இறங்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை, அதாவது ஜனவரியிலும் கோடையிலும் ஆகஸ்டிலும் நவம்பரிலும், அளப்பது இதனால்தான். மே மாத அளவையும் டிசம்பர் மாத அளவையும் பக்கத்தில் வைத்து ஏற்றம், இறக்கம் என்று எழுதுவது, இருவேறு ஆட்களின் உயரத்தை அளந்து ஒருவர் வளர்ந்துவிட்டார் என்று சொல்வதற்குச் சமம்.

இப்போது அவருடைய அறிவியலுக்கு வரலாம். அவர் கையில் இருந்த கருவிகள் எவை, யாரிடமிருந்து வந்தவை என்று தெரியாமல் அவருடைய முடிவுகளை எடைபோட முடியாது. பிரான்சின் தீஜோன் நகரப் பொறியாளர் ஹென்றி டார்சி, மணலின் ஊடே நீர் செல்லும் வேகத்தைச் சோதித்து 1856இல் வெளியிட்ட விதியே இத்துறைக்கு அடித்தளம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையில் ஆஸ்கர் மெய்ன்சர் வளர்த்தெடுத்த நிலத்தடி நீர்ப் பிரிவில் பணியாற்றிய சார்லஸ் தைஸ், திடப்பொருளில் வெப்பம் பரவும் கணக்கைத் தழுவி, நீர் இறைக்க இறைக்க மட்டம் காலத்தோடு எப்படி இறங்கும் என்பதற்கான சமன்பாட்டை 1935இல் தந்தார். அந்தச் சமன்பாடு, கிணறு மிக மெல்லிய துளை என்றும் அதற்குள் தேங்கியிருக்கும் நீர் கணக்கில் சேராது என்றும் எடுத்துக்கொள்கிறது.

நம் ஊர் வெட்டுக்கிணற்றில் அந்த எடுகோள் நிற்காது. முப்பதடிக்கு முப்பதடி கிணற்றில் ஒரு அடி நீர் என்பது 900 கன அடி, ஏறத்தாழ 25,500 லிட்டர். மோட்டாரைப் போட்டவுடன் வெளியே வருவதில் பெரும்பகுதி கிணற்றுக்குள் ஏற்கெனவே தேங்கிய நீர்; பாறையிலிருந்து ஊறி வருவது மெதுவாகத்தான் சேரும். இதைக் கணக்கில் கொண்டு பெரிய விட்டமுள்ள கிணறுகளுக்கான தீர்வை பப்படோபுலஸும் கூப்பரும் 1967இல் வெளியிட்டார்கள். உங்கள் ஆசிரியரின் நீரிறைப்புச் சோதனைக் குறிப்புகளில், மோட்டாரை நிறுத்திய பிறகு மட்டம் எப்படி ஏறியது என்ற ஊறல் அளவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், வெட்டுக்கிணற்றின் இயல்பை உணர்ந்து அவர் வேலை செய்தார் என்பதற்கு அதுவே சான்று. என்னைப் பொறுத்தவரை, அந்த ஊறல் அட்டவணைகள் எந்தப் பாராட்டுப் பத்திரத்தைவிடவும் உயர்ந்தவை.

பாறையையும் விட்டுவிடக் கூடாது. சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. அடிவாரச் சமவெளியில் நைஸ் பாறை பரந்திருக்கிறது. இரண்டிலும் நீர் தங்குவது மேலே சிதைந்து இளகிய அடுக்கிலும் கீழே உள்ள பிளவுகளிலும் மட்டுமே. அதனால் ஒரு காட்டில் தண்ணீர் கொட்டும் ஆழ்துளைக் கிணறும், வரப்புக்கு அந்தப் பக்கம் புழுதி மட்டும் வந்த துளையும் இருப்பது இயல்பு. சுண்ணாம்புக்கரடு போன்ற, மாக்னசைட் என்னும் மக்னீசியக் கனிமம் உள்ள நிலத்தில் நீரில் மக்னீசியம் கூடிக் கடினத்தன்மை ஏறும். சேர்வராயன் மலையில் பிறந்து நகரின் ஊடே ஓடும் திருமணிமுத்தாற்றின் கரைக் கிணறுகளில், கழிவு கலந்த பிறகான நீரின் தரமும் ஒரு கேள்வி. அவர் எந்தக் கிணற்றுக்கு எந்தப் பாறையைக் குறித்தார், எங்கே தரத்தைச் சோதித்தார் என்பதை வரைபடத்தில் ஏற்றினால், அவருடைய கவனம் ஆண்டுக்கு ஆண்டு எங்கே நகர்ந்தது என்பது தானாகவே தெரியும்.

ஆசிரியப் பணியை எழுதுவதற்கு மாணவர்களிடமும் உழவர்களிடமும் பேச வேண்டும். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் நல்லவர் என்ற பதில்தான் வரும். ‘கிணற்று மேட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார்?’ என்று கேளுங்கள். ஓமலூர்ப் பக்கம் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார்: “ஏனுங்க தம்பி, சார் வந்தா எடுத்ததும் டேப்ப எறக்க மாட்டாருங்க. மோட்டார நிறுத்தி எத்தன நேரமாச்சுன்னு கேட்டுட்டு, படியில உக்காந்து தண்ணியவே பாத்துக்கிட்டு இருப்பாருங்க. கூட வந்த பசங்களையும் உக்காரச் சொல்லிருவாரு.” குறிப்பேட்டில் ‘ஒரு ராத்திரி’ என்ற இரண்டு சொற்களாக இருந்தது, இந்தப் பேச்சில் ஒரு கற்பிக்கும் முறையாக விரிந்தது. இப்படிச் சொன்னவர்களின் சொற்களை மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் இடம் குறித்துக் கொடுத்து வறண்டுபோன துளைகளையும் சேர்த்தே எழுதுங்கள். கடினப் பாறைப் பகுதியில் அப்படி நேராத வல்லுநர் கிடையாது. அதன் பின் தம் கணிப்பை அவர் எப்படித் திருத்திக்கொண்டார் என்பதுதான் மாணவருக்குப் பயன்படும். டேப்பின் மறுமுனையைப் பிடித்த உதவியாளர்களுக்கும் உரிய இடம் கொடுங்கள். தனியார் கிணறுகளின் உரிமையாளர் பெயரையும் துல்லியமான இடத்தையும் அவர்கள் ஒப்புதல் இன்றி வெளியிடாதீர்கள்.

மூலக் குறிப்பேடுகளை, அவற்றைப் பாதுகாக்கவும் மாணவர்களுக்குக் காட்டவும் உறுதி கொடுக்கும் நூலகம் ஒன்றில் ஒப்படைத்து, படநகலைக் குடும்பத்தாரிடம் கொடுங்கள். ஒவ்வொரு கிணற்றின் அளவுகளையும் அட்டவணையாக எழுதி, அளவுக்குறி எது என்ற படத்துடன் அந்தந்தக் கிணற்றுக்காரர் வீட்டில் ஒரு நோட்டாகக் கொடுத்துவிடுங்கள். ஓமலூர்ப் பெரியவரின் பேத்தி பள்ளிக்குப் போகிற பெண். அந்த நோட்டில் என் கடைசி வரிக்குக் கீழே, சுவரின் உயரத்தையும் மோட்டார் நிறுத்திய நேரத்தையும் சேர்த்து, இரண்டு மாத அளவுகளை எழுதி வைத்திருக்கிறாள்.