மொபைல் சார்ஜரை நீங்களே செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டிரான்ஸ்ஃபார்மர், சில டையோடுகள், ஒரு கெப்பாசிட்டர், 5 வோல்ட்டை மாறாமல் தரும் ஒரு 7805 ரெகுலேட்டர். பாலிடெக்னிக் மாணவர்களும் அறிவியல் கண்காட்சிக்குத் தயாராகும் பிள்ளைகளும் ஆண்டுதோறும் செய்து பார்க்கும் சுற்று இது. கற்றுக்கொள்ள நல்ல சுற்றுதான். மல்டிமீட்டர் 5 வோல்ட் காட்டியதும், போனில் சார்ஜ் குறி வந்ததும் வேலை முடிந்தது என்று கருவிகளை எடுத்துவைத்துவிடுவதுதான் சிக்கல். அந்த இரண்டு அறிகுறிகளையும் தவறாகச் செய்த சார்ஜரும் காட்டும்.

டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல், கெப்பாசிட்டர் ஒன்றை வைத்து 230 வோல்ட்டைக் குறைக்கும் சுற்றை மட்டும் தொடவே வேண்டாம். கொசு பேட்டிலும் மலிவான எல்இடி விளக்கிலும் இருப்பது இதுதான். அங்கெல்லாம் சுற்று முழுவதும் பிளாஸ்டிக்குக்குள் மூடிக் கிடக்கிறது. யாரும் கையால் தொடுவதில்லை. போன் அப்படியல்ல. இந்தச் சுற்றில் வெளியே வரும் கம்பிக்கும் சுவரில் உள்ள மின்சாரத்துக்கும் நடுவே தடுப்பே கிடையாது. யூஎஸ்பி முனையின் உலோகம், போனின் சட்டம், அதில் செருகிய இயர்போன் என எல்லாமே ஃபேஸோடு இணைந்திருக்கலாம். "நியூட்ரல் பக்கம் தானே இருக்கிறது" என்ற சமாதானமும் செல்லாது, இரண்டு முனை பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் சாக்கெட் ஏற்றுக்கொள்ளும். மீட்டரோ அமைதியாக 5 வோல்ட் என்றே சொல்லும். அது அளப்பது இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை. கம்பிக்கும் நீங்கள் நிற்கும் தரைக்கும் இடையே இருப்பதை அல்ல.

இவ்வளவு ஆபத்துக்கும் பலன் என்ன? 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 70 மில்லி ஆம்பியர்தான் விடும். அதில் இன்றைய போன் ஒன்று நிரம்ப நாட்கணக்காகும்.

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர் தேர்வு. கடையில் எளிதில் கிடைக்கிறது என்று 12-0-12 (நடு முனையிலிருந்து இரு ஓரங்களுக்கும் தலா 12 வோல்ட் தருவது) வாங்குபவர்கள் அதிகம். நடு முனையை விட்டுவிட்டு, இரு ஓர முனைகளுக்கும் நான்கு டையோடு பிரிட்ஜைப் போட்டுவிட்டால் உள்ளே வருவது 12 அல்ல, 24 வோல்ட். அதன் உச்சம் 34 வோல்ட். சுமை இல்லாதபோது சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் எழுதியிருப்பதைவிட அதிகமாகவே தரும் என்பதால், 7805 தாங்கும் எல்லையான 35 வோல்ட்டை அது தாண்டிவிடும். 25 வோல்ட் கெப்பாசிட்டர் அதற்கு முன்பே வெடித்திருக்கும். ரெகுலேட்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிச் செத்தால் அத்தனை வோல்ட்டும் நேராகப் போனுக்குப் போகும்.

சரியாக இணைத்தாலும் 12 வோல்ட் வீண்தான். 7805 மிச்ச வோல்ட்டை வெப்பமாக எரித்துத்தான் 5 வோல்ட்டைத் தருகிறது. உள்ளே 14 வோல்ட் வந்து, 1 ஆம்பியர் ஓடினால் போனுக்கு 5 வாட், ஹீட் சிங்குக்கு (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகட்டுக்கு) 9 வாட். ஹீட் சிங்க் இல்லாத 7805-க்கு இரண்டு வாட்டே அதிகம். சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் மறுபடி விழிக்கும். சார்ஜ் வந்து வந்து போகிறதே என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பார்கள். 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் உதவாது: டையோடுகள் தின்றது போக மிஞ்சுவது 7 வோல்ட், 7805-க்கு எந்நேரமும் வேண்டிய குறைந்தபட்சமே அதுதான். 9 வோல்ட், 2 ஆம்பியர் பொருத்தமானது.

கெப்பாசிட்டரில் செய்யும் கஞ்சத்தனம் இன்னும் நுட்பமான தவறு. பழைய வரைபடங்களில் 1000 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கும். 1 ஆம்பியர் எடுக்கும்போது, இரண்டு மின் அலை உச்சங்களுக்கு நடுவே அதன் வோல்ட் ஏழெட்டு சரியும். 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் உச்சம், டையோடு இழப்பு போக, 11 சொச்சம். கழித்துப் பாருங்கள்: நொடிக்கு நூறு முறை 7805 பட்டினி கிடக்கிறது. 4700 போட்டால் சரிவு இரண்டு வோல்ட்டுக்குள் அடங்கும். சுமை இல்லாமல் மீட்டர் வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டு கெப்பாசிட்டரும் ஒரே 5.00-தான் காட்டும்.

ஆகவே போனை இணைக்கும் முன், அதன் இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் செருகிச் சோதியுங்கள். 5 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் சரியாக 1 ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரம் ஓடவிட்டு, வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே நிற்கிறதா என்று பாருங்கள். ரெசிஸ்டர் கடுமையாகச் சுடும், கை வைக்க வேண்டாம். அதற்கும் முன், எதையும் சுவரில் செருகாத நிலையில், பிளக்கின் முனைகளுக்கும் யூஎஸ்பி சாக்கெட்டுக்கும் இடையே ஓம் அளவில் தொடர்பே காட்டக் கூடாது.

யூஎஸ்பி சாக்கெட்டின் நான்கு முனைகளில் ஓரத்து இரண்டை மட்டும் சால்டர் செய்துவிட்டு, நடுவில் உள்ள இரண்டு டேட்டா முனைகளை அந்தரத்தில் விடுவதும் வழக்கம். எதிரே இருப்பது சார்ஜரா கணினியா என்று போனுக்குத் தெரியாததால், அது தயங்கித் தயங்கிக் குறைவாகவே எடுக்கும். சில போன்கள் எடுக்காமலே இருந்துவிடும். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள். டைப்-சி முனையைக் கையால் சால்டர் செய்யும் வீரமும் வேண்டாம், பழைய அகன்ற சாக்கெட்டை வைத்துக் கடையில் வாங்கிய கேபிளைப் பயன்படுத்தினால் போதும்.

2 ஆம்பியர் கொடுத்தால் போன் எரிந்துவிடுமோ என்ற பயம் தேவையில்லை. எவ்வளவு எடுப்பது என்பதைப் போனே முடிவு செய்கிறது. பயப்பட வேண்டியது வோல்ட்டுக்குத்தான். டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கம் ஒரு 250 மில்லி ஆம்பியர் ஃபியூஸ், வெளியேறும் பக்கம் 1.5 ஆம்பியர் ஃபியூஸ், அதற்குப் பின் இரு கம்பிகளுக்கும் குறுக்கே 5.6 வோல்ட், 5 வாட் ஜீனர் (குறித்த வோல்ட்டைத் தாண்டினால் மின்சாரத்தைக் கடத்தும் டையோடு) ஆகியவற்றைச் சேருங்கள். ரெகுலேட்டர் கைவிட்டால் ஜீனர் மின்சாரத்தை இழுத்து ஃபியூஸை எரிக்கும். சில பத்து ரூபாய்ச் செலவு. ஏனோ எல்லா வரைபடங்களிலும் விடுபடுகிறது.

சதுர 9 வோல்ட் பேட்டரியையும் 7805-ஐயும் சேர்த்து 'அவசர சார்ஜர்' செய்வது வெறும் வேடிக்கை. அந்த பேட்டரியில் இருப்பது நான்கைந்து வாட் மணி, போனின் 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு வேண்டியது சுமார் 19.

என்னைக் கேட்டால், 230 வோல்ட் பக்கத்தை நாமே கட்டாமலிருப்பதே நல்லது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிட்ட செட்டாப் பாக்ஸ் அடாப்டர், 12 வோல்ட் 1 அல்லது 2 ஆம்பியர், பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதோடு 2596 ஐசி கொண்ட பக் மாட்யூலை (மிச்ச வோல்ட்டை எரிக்காமல் குறைத்துத் தரும் சிறு பலகையை) சேர்த்தால் வெப்பமும் குறைவு. இதிலும் ஒரு கண்ணி உண்டு: மாட்யூலின் வெளியீடு வாங்கும்போது எங்கு வேண்டுமானாலும் வைக்கப்பட்டிருக்கும். போனை இணைக்கும் முன், மீட்டரைப் பார்த்தபடி சின்ன பித்தளைத் திருகைத் திருப்பி 5.1-க்குக் கொண்டுவர வேண்டும். பல சுற்று திருப்பியும் முதலில் எண் அசையாது, பொறுமையாகத் தொடருங்கள். நின்றதும் திருகின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிட்டால் அது நகராது.